பின்னால் உட்காருபவர்

காலையில் எழுந்ததும் மோட்டார் போடுகிறேன். தொட்டி நிறைந்து வழியும் சத்தம் கேட்டதும் நிறுத்துகிறேன். கதவுப் பிடியில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துக் காய்ச்சுகிறேன். டீத்தூள் போடுகிறேன். வடிகட்டி இல்லை. வீட்டுக்குள்தான் எங்கோ இருக்கிறது, எங்கே என்று தெரியாது. புதிது வாங்கவில்லை. டம்ளரில் ஊற்றி, தூள் அடியில் இறங்கும்வரை காத்திருந்து, மேலாகக் குடிக்கிறேன். அடியில் தங்கியதைச் சிங்கில் கொட்டுகிறேன். குளிக்கிறேன். முந்தின நாள் சட்டை அழுக்காகத் தெரியாவிட்டால் அதையே போடுகிறேன். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, வண்டியை எடுக்கிறேன்.

கடை அதியமான்கோட்டையில், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் இருக்கிறது. ஜெராக்ஸ் கடை ஒன்றில் பாதி. மேசை, கம்ப்யூட்டர், பிரிண்டர், இரண்டு நாற்காலிகள். வெளியே, அனைத்து வாகனங்களுக்கும் இன்சூரன்ஸ் போடப்படும் என்று ஒரு ஃபிளெக்ஸ். வெயிலில் அதன் சிவப்பு எழுத்துகள் வெளுத்துவிட்டன. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஃபிளெக்ஸைப் படித்துவிட்டு இன்சூரன்ஸ் போட வந்தவர் இதுவரை ஒருவரும் இல்லை.

நான் எம்.ஏ. பொருளாதாரம். ஆயுள் காப்பீடு அல்லாத மற்றக் காப்பீடுகளை மக்கள் ஏன் வாங்குகிறார்கள் என்பதுதான் என் ஆய்வேடு. வருமானம் கூடினால் வாங்குவார்கள், படிப்பு கூடினால் வாங்குவார்கள், வங்கிகள் பெருகினால் வாங்குவார்கள், நீதிமன்றத்தின் மேல் நம்பிக்கை இருந்தால் வாங்குவார்கள் என்று எழுதினேன். வரைபடங்கள் போட்டேன். எல்லாக் கோடுகளும் மேல்நோக்கிப் போயின. வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் போண்டா சாப்பிட்டுக்கொண்டே புரட்டினார். “கோடெல்லாம் அழகா இருக்கு” என்றார்.

கடை வைத்த பிறகுதான் ஊர் என்ன படித்திருக்கிறது என்று தெரிந்தது. சர்வீஸ் ரோட்டு முனையில் போலீஸ் தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்தும் நாளில் என் கடையில் கூட்டம். தடுப்பை எடுத்துவிட்டால் ஈ. நெடுஞ்சாலையில் கேமரா வைத்துப் போனுக்கு அபராதம் அனுப்பத் தொடங்கிய வாரம், பிரிண்டர் சூடாகி நின்றுபோனது. வருமானம் அப்படியேதான் இருந்தது. படிப்பும் அப்படியேதான் இருந்தது. கேமரா மட்டும் புதிது.

இன்னொரு காரணம் வங்கி. மாட்டு லோன் வாங்கினால் மாட்டுக்கு இன்சூரன்ஸ் போட வேண்டும். மாட்டின் காதில் ஒரு மஞ்சள் வில்லை குத்துவார்கள். ஊரில் அதற்குக் கம்மல் என்று பெயர். “கம்மல் போட்டா பால் கொறையுமாங்க?” என்று கேட்பார்கள். குறையாது என்று சொன்னதும் பெரிய சலுகை செய்வதுபோலத் தலையாட்டுவார்கள். லோன் முடிந்த பிறகு அதே மாட்டுக்கு மறுபடி போட வேண்டும் என்று ஒருவரும் வந்ததில்லை. லோன் அடைந்துவிட்டால் மாடு சாகாது போலிருக்கிறது.

வத்தல்மலையிலிருந்து ஒருவர் பைக்கில் வந்தார். “ஒரு நாளைக்கு மட்டும் போட்டுக் குடுங்க” என்றார்.

“வருஷத்துக்குத்தாங்க போட முடியும்.”

“மலை மேல எவன் கேக்கறான்? சந்தைக்கு எறங்கற அன்னைக்கு மட்டுந்தானுங்களே வேணும்.”

“மலையில வண்டி விழாதுங்களா?”

“விழும். விழுந்தா போலீஸ் வராது.”

இன்னொருவர் பழைய வண்டி வாங்கியவர். அச்சடித்துக் கொடுத்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நான் செகண்ட்ஸ்ல வாங்குனவன். செகண்ட் பார்ட்டி. எனக்கு எதுக்குங்க தேர்ட் பார்ட்டி போட்டிருக்கீங்க?”

“உங்ககிட்ட வாங்கறவருக்குங்க” என்றேன். திருப்தியாகப் போனார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த என் மனைவி தேவிப்பிரியா, அவர் படியிறங்கும்வரை பொறுத்திருந்துவிட்டுத் திட்டினாள். “பாவங்க அந்த மனுசன். ஒழுங்காச் சொல்லி அனுப்பக் கூடாதா?” மத்தியானத்துக்கு மேல் அவள் கடைக்கு வந்து பிரிண்டரைப் பார்த்துக்கொள்வாள். வாடிக்கையாளர்களுக்கு அவள் வைத்த பெயர் போலீஸ் பக்தர்கள். தடுப்பு வைத்த நாட்களில், “இன்னைக்குத் திருவிழாங்க” என்பாள்.

ஒழுங்காகச் சொன்னால் இதுதான். பாலிசி தரும் கம்பெனி முதல் ஆள். வண்டிக்காரர் இரண்டாம் ஆள். மற்ற உலகம் முழுவதும் மூன்றாம் ஆள். ரோட்டைக் கடக்கிறவர், சைக்கிளில் வருகிறவர், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர் எல்லாரும் தேர்ட் பார்ட்டி. வண்டி இடித்து இவர்கள் செத்தால் கம்பெனி நஷ்டஈடு தரும். பைக்கின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தவர் மட்டும் இதில் இல்லை. சட்டத்துக்காகப் போடும் மலிவான பாலிசியில் அவர் யாருமே இல்லை. அவருக்கென்று தனியாக ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் அடித்து, கொஞ்சம் சேர்த்துக் கட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்துக்கு எதிரே, பின்னால் உட்காருபவர் என்று இருக்கும். நான் கடை வைத்ததிலிருந்து அதில் டிக் அடித்தவர்களை யோசித்துப் பார்க்கிறேன். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

தேவிப்பிரியாவின் தம்பி மாதேஷும் அடிக்கவில்லை. இண்டூரில் தீவனக் கடை வைத்திருக்கிறான். பாலிசி முடிந்து வெகு நாளாகியும் ஓட்டிக்கொண்டிருந்தவன், தடுப்பில் மாட்டிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தான்.

“போலீஸுக்குக் காட்டற மாதிரி ஒண்ணு போடுங்க மாமா. போதும்.”

“பின்னாடி உக்கார்றவங்களுக்குத் தனியா ஒண்ணு இருக்குடா. ஒரு பிரியாணிக் காசு கூட ஆகாது.”

“எதுக்கு? என் வண்டியில பின்னாடி தீவன மூட்டைதான் உக்காரும்.”

“அப்ப நான் தீவன மூட்டையாடா?” என்றாள் தேவிப்பிரியா பிரிண்டர் பக்கமிருந்து.

“நீ ஏன்க்கா என் வண்டியில வர்ற? மாமா உனக்கு பம்பர் டூ பம்பர் போட்டு வெச்சிருப்பாரு.”

புதுக் காருக்கு எதையும் விடாமல் முழுசாகப் போடும் பாலிசி அது. மூவரும் சிரித்தோம். போலீஸுக்குக் காட்டுகிற மாதிரி ஒன்று போட்டுக் கொடுத்தேன்.

அந்தப் பாலிசி உயிரோடு இருந்தபோதே தேவிப்பிரியா இறந்தாள். அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பும்போது டவுன் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகும் என்று மாதேஷ் வண்டியில் ஏற்றிக்கொண்டான். இண்டூர் தாண்டி ஒரு வளைவில் ரோடு போடுகிறவர்கள் ஜல்லி கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். வண்டி சறுக்கியது. மாதேஷுக்குக் கால் முறிந்தது. அவள் பின்பக்கமாக விழுந்தாள். அதன் பிறகு அவளுக்கு நினைவு திரும்பவில்லை.

ஐப்பசி போய்த் தை வந்தது. ஒரு நாள் நான் கடையைத் திறந்துகொண்டிருக்கும்போதே மாமனார் பச்சியப்பனும் மாதேஷும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மாதேஷ் தாங்குகட்டை வைத்திருந்தான். அவனுக்கு இன்னொரு ஆபரேஷன் பாக்கி இருந்தது.

“சாப்டீங்களா மாப்ள?”

“ஆச்சு மாமா.”

“ஒரு எட்டு தர்மபுரி வரைக்கும் போயிட்டு வந்தர்லாம். வக்கீல் வரச் சொன்னாரு. உங்க கையெழுத்து இல்லாம ஆவாதாம்.”

எதற்கு என்று கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த தொழில். புருஷன், அப்பா, அம்மா மூவரும் சேர்ந்து மனு போட வேண்டும். முதல் பெயர் புருஷன்.

வக்கீல் கலைமணியின் அலுவலகம் மாடியில் இருந்தது. மாதேஷ் ஒவ்வொரு படியாக ஏறினான். மாமனார் முன்னால் போய்விட்டார். நான் அவனுக்குப் பின்னால் ஏறினேன். உள்ளே அன்பரசி என்ற பெண் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். கலைமணி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க ஃபீல்டு ஆளு. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. உங்க மிஸஸ் வண்டியில உக்காந்திருந்தா நமக்குக் கேஸே இல்ல. கீழ நின்னிருந்தா கேஸ்.”

“உக்காந்துதாங்க இருந்தா.”

“எஃப்.ஐ.ஆர்ல அப்பிடி இல்லியே.” ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். “இருசக்கர வாகன விபத்தில் சிக்கின்னுதான் போட்டிருக்கு. எங்க இருந்து சிக்குனாங்கன்னு இல்ல. எழுதனவன் நல்லா இருக்கணும்.”

எழுதியவன் சோம்பேறி. எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று கேட்டு ஒரு வரி எழுத அவனுக்குக் கை வரவில்லை. அந்தச் சோம்பலுக்கு இங்கே ஆசீர்வாதம் நடந்துகொண்டிருந்தது.

கலைமணி மேசையில் இருந்த ஸ்டேப்ளரை நகர்த்தினார். அது பைக். பேனா மூடி ஒன்றை எடுத்து நிறுத்தினார். அது என் மனைவி.

“அக்கா ரோட்டோரமா நிக்கறாங்க. தம்பி வண்டி வருது. தம்பியப் பாத்துட்டு ஒரு எட்டு முன்னாடி வராங்க. ஜல்லி. பிரேக் நிக்கல. அவ்வளவுதான்.” ஸ்டேப்ளர் போய் மூடியைத் தட்டியது. மூடி உருண்டு கீழே விழுந்தது. அன்பரசி குனிந்து எடுத்து மறுபடி மேசையில் வைத்தாள்.

“இப்ப அவங்க யாரு? தேர்ட் பார்ட்டி” என்றார் கலைமணி.

தேவிப்பிரியா உயிரோடிருந்தபோது யாரும் அவளுக்கு இவ்வளவு நல்ல இடம் பார்த்துக் கொடுத்ததில்லை.

“கம்பெனிக்காரன் நம்புவானுங்களா?” என்று மாமனார் கேட்டார்.

“அவனுக்குத் தெரியாததா? வாரா வாரம் இதானுங்க நடக்குது. அவனும் ஒரு ஆள விட்டு விசாரிப்பான். அப்பறம் உக்காந்து பேசுவான். இதுக்கும் சேத்துத்தானே எல்லார்கிட்டயும் பிரீமியம் வாங்கறான்?”

நீதிமன்றத்தின் மேல் நம்பிக்கை இருந்தால் காப்பீடு வளரும் என்று நான் எழுதியது நினைவுக்கு வந்தது. கலைமணியிடம் அந்த நம்பிக்கை நிறைய இருந்தது.

“பொய் சொல்லணும்” என்றேன்.

“பொய்யில்ல மாப்ள” என்றார் மாமனார். “அவ செத்தது நெசம். அந்த வண்டியிலதான் செத்தா, அதும் நெசம். ரெண்டடி தள்ளி நிக்க வெக்கறோம். அவ்வளவுதான். செத்தவ வரப்போறதில்ல. இவன் காலப் பாருங்க. வூடு பாதியில நிக்குது. ராமக்கா எந்நேரமும் அழுதுட்டே கெடக்கறா.”

அத்தை ராமக்கா அழுவதற்கும் வீடு பாதியில் நிற்பதற்கும் ஒரே மூச்சில் இடம் கொடுத்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தடுப்பு வைத்தால் மட்டும் இன்சூரன்ஸ் போடுகிற எல்லாரையும் போன்றவர். இப்போது வேறு மாதிரியான தடுப்பு.

“கேஸ் மாதேஷ் மேல திரும்பும்” என்றேன் வக்கீலிடம். “அக்காவை வண்டியால இடிச்சுக் கொன்னான்னு ஆகும்.”

“அபராதம் கட்டிட்டு வர்ற மாதிரி பாத்துக்கலாம். அவரே ஒத்துக்கறாரு. கேட்டுப் பாருங்க.”

மாதேஷ் தாங்குகட்டையின் ரப்பர் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “இடிச்சேன்னே சொல்றேன் மாமா” என்றான். “எப்பிடிச் சொன்னாலும் நாந்தான?”

அங்கே வந்ததிலிருந்து நான் எல்லாரையும் வெறுத்துக்கொண்டு சௌகரியமாக இருந்தேன். அவன் அதைக் கெடுத்தான். அவன் கையைத் தொடலாம் என்று தோன்றியது. தொடவில்லை.

“போடற எடத்துல போட்டுட்டுப் போயிடறேன்” என்றேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. பொய்யோ நிஜமோ, வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை. அன்பரசி தாள்களை என் முன் வைத்தாள். அங்கங்கே பென்சிலால் பெருக்கல் குறி போட்டு இடம் காட்டியிருந்தாள். பேனாவை எடுத்துத் திறந்தேன்.

“அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம்” என்றார் கலைமணி. “விபத்துக்குக் கொஞ்சம் முன்னாடி நீங்க அவங்களுக்கு போன் பண்ணியிருக்கீங்க.”

“ஆமா.”

“அவங்களும் எடுத்திருக்காங்க. எதிர்ப்பார்ட்டி வக்கீல் இத விட மாட்டான். கால் ரெக்கார்டு எடுப்பான். என்ன பேசுனீங்க, எங்க இருக்கேன்னு சொன்னாங்கன்னு உங்கள கூண்டுல ஏத்திக் கேப்பான். நமக்கு அதுவே நல்ல சாட்சி. பஸ்ஸுக்கு நிக்கறேன்னு சொன்னாங்கன்னு வெச்சுக்கலாம். எங்க, ஒரு தடவ சொல்லிப் பாருங்க.”

“பஸ்ஸுக்கு நிக்கறேன்னு சொன்னா.”

வாய் எளிதாகச் சொல்லிவிட்டது. நாள் முழுக்கக் கடையில் சொல்வதுபோலவே வந்தது.

“ரோட்டோரமான்னு ஒண்ணு சேத்துக்கலாம்” என்றார் கலைமணி. “பஸ்ஸுக்கு ரோட்டோரமா நிக்கறேன்.”

“ஜாக்கிரதையாத்தான் நிக்கறேன்னு சொல்லட்டும்” என்றார் மாமனார். “அப்பறம் அவ மேல தப்புன்னு சொல்லிடுவான்.”

“பாயிண்ட்” என்றார் கலைமணி. “எழுதிக்கோம்மா. ரோட்டோரமா, ஜாக்கிரதையா.”

அன்பரசி அடித்தாள்.

“தம்பி வண்டி வருதுன்னும் சொன்னா நல்லா இருக்கும். ஆனா அது கொஞ்சம் டிராமாவா போயிடும்.”

“அவ என்கிட்ட வாங்க போங்கன்னுதான் பேசுவா” என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

“ஆமா ஆமா” என்றார் மாமனார் உற்சாகமாக. “அவ எப்பவும் மாப்ளைக்கு மரியாத குடுத்துத்தான் பேசுவா. நிக்கறேங்கன்னு போடுங்க.”

“நிக்கறேங்க” என்று கலைமணி சொல்லிப் பார்த்தார். அவளுடைய குரலைத் தேடுவதுபோல இரண்டாம் முறை கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். “நிக்கறேங்க. இது நேச்சுரலா இருக்கு.”

மூன்று ஆம்பிளைகள் சேர்ந்து அவளுக்கு ஒரு வாக்கியம் தைத்துக்கொண்டிருந்தோம். அளவு சரியாக வந்துகொண்டிருந்தது. இதைக் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். குறுக்கு விசாரணையில் மறுபடி சொல்ல வேண்டும். சமரசம் பேசும்போது சொல்ல வேண்டும். கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்ல வேண்டும். அதற்குள் எனக்கே இதுதான் அவள் சொன்னது என்று ஆகிவிடும். கேஸ் ஜெயிக்கும். மாமனார் கான்கிரீட் போடுவார். என்னிடம், ரோட்டோரமாக ஜாக்கிரதையாக நிற்கிற ஒரு பெண் இருப்பாள். அவளை எனக்குத் தெரியாது.

மாதேஷைப் பார்த்தேன். அவன் வாக்கியத்தில் கை வைக்கவில்லை. அவனுக்குத் தெரியும். அவள் பேசும்போது அவளுக்கு முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன்தான். நான் கேட்டதைக் கேட்ட வேறொருவன் உலகத்தில் அவன் மட்டும்தான்.

நான் அன்று அவளிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது, கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்திருந்தேன். டீ போட்டேன். வடிகட்டியைக் காணவில்லை. வடிகட்டியை எங்கே வைத்தாய் என்று கேட்கத்தான் கூப்பிட்டேன்.

கலைமணி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். எதிர்ப்பார்ட்டி வக்கீல் போலக் குரலை மாற்றிக்கொண்டார். “உங்க மனைவி உங்ககிட்ட கடைசியா என்ன சொன்னாங்க?”

பேனாவை மூடி மேசையில் வைத்தேன்.

“அடிச்சத அழிச்சுடுங்க” என்றேன் அன்பரசியிடம். “இத அடிங்க.”

“மாப்ள” என்றார் மாமனார்.

மாதேஷ் தலையைக் குனிந்துகொண்டான். அன்பரசி வக்கீலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், கீபோர்டில் விரலை வைத்தாள். அவள் அடிப்பதற்கு வசதியாக, வார்த்தை வார்த்தையாக, நிறுத்திச் சொன்னேன்.

“வண்டில இருக்கறேங்க. எறங்கிச் சொல்றேன்.”